புல்லுக்குள் சூடு

அத்தை என்று நான் சொல்வது எனக்கு எந்த வகையிலும் உறவில்லாத ஒருத்தியை. நான் படிக்கப் போன தேசத்தில், கல்லூரி திறப்பதற்கு முன்னால் அந்த ஊர்ப் பேச்சு பழகட்டும் என்று வெளிநாட்டு மாணவர்களைக் கிராமத்துக் குடும்பங்களில் கொண்டுபோய்த் தங்க வைப்பார்கள். எனக்கு வாய்த்தது ஒரு மாட்டுப்பண்ணை. வீட்டுக்காரி முதல் நாளே தன் பெயரைச் சொல்லி, அப்படியே கூப்பிடு என்றாள். அம்மா வயதுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அத்தை என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். அப்பா கூடப் பிறந்தவங்க என்றேன்.

"இப்படி ஒரு அக்கா இருக்கறது உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அன்றோடு அவள் வீட்டுக்காரர் மாமா ஆகிவிட்டார்.

அவர்கள் பேசியது அவர்கள் மொழி. நான் எழுதுவது என் மொழி. நடுவில் உப்பு கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ அது என் கைவாகு.

அத்தை குட்டையாக, தோள் அகலமாக இருப்பாள். எதையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. கறந்த பால் கேன், கன்றுக்குட்டியின் காது, அடுப்புக் கதவு, என் நெற்றி எல்லாவற்றுக்கும் அதே உள்ளங்கைதான். சமையலறை ஆணியில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது, பேருக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவள். பண்ணைக்காரர்கள் கொண்டுவரும் பாலை முகர்ந்து பார்த்து, நல்லது கெட்டது சொல்வது அவள் வேலை. ஒரு நாள் ஓர் இளந்தாரி கொண்டுவந்த கேனை மோந்துவிட்டு, புளிச்ச பால் என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த இளந்தாரிதான் மாமா.

"ஒரு வாரம் முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனாரு. அப்புறம் வந்து பொண்ணு கேட்டாரு," என்றாள் அத்தை. "அதுக்கப்புறம் அவரு பால நான் திருப்பி அனுப்பினதே இல்ல."

இதை அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய உண்மை என்று விளங்கியது. மாமா சொன்னால் சொன்னதுதான். அவர் தப்பாகச் சொன்னால், அத்தை அதைச் சரியென்று ஆக்குவதற்கு ஓடியாடி வேலை செய்வாள். வேலியை அவர் கோணலாகப் போட்டால், மண் சரிந்துவிட்டது என்று விருந்தாளிகளிடம் இவள் சொல்வாள். இரண்டு பெண்களும் நகரத்தில் வேலைக்குப் போன பிறகு ஏன் வருஷா வருஷம் மாணவர்களைக் கூட்டிவந்து வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். அத்தை ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னாள்.

"நாங்க ரெண்டு பேரு மட்டும் சாப்பிட உக்காந்தா சண்டை வருது. மூணாவதா ஒரு ஆள் இருந்தா மரியாதையா நடந்துக்கறோம்."

ஆக நான் படிக்கப் போகவில்லை, பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறேன்.

மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்துத் தீயணைப்பு வண்டி அந்தப் பண்ணைகளுக்கு வந்து சேர்வதற்குள் எரிவதெல்லாம் எரிந்து முடிந்துவிடும் என்பதால், ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு தீயணைப்புக் குழு வைத்திருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர், பள்ளிக்கூட வண்டி டிரைவர், டிராக்டர் மெக்கானிக், இப்படிக் கொஞ்சம் பேர். மாமாதான் தலைவர். எல்லார் இடுப்பிலும் ஒரு பேஜர் இருக்கும். எங்கேயாவது தீ என்று யாராவது அவசர எண்ணுக்குக் கூப்பிட்டால் எல்லாப் பேஜரும் ஒரே நேரத்தில் அலறும். மாமா குளிக்கும்போதுகூட அதை ஜன்னலில் வைத்துக்கொண்டுதான் குளிப்பார். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'தீயணைப்பு'. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவர் நடையே மாறும்.

அவருக்கு ஒரு பாடம் அத்துப்படி. மாட்டுக்காக வயலில் புல்லை அறுத்து, வெயிலில் காயவிட்டு, கட்டுக் கட்டாகக் கட்டி, கொட்டகைக்குள் கூரை முட்ட அடுக்குவார்கள். குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு அதுதான். அந்தப் புல் சரியாகக் காயாமல் ஈரத்தோடு உள்ளே போனால், அடுக்கிய புல்போரின் நடுவில் சூடு பிறக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வெந்து, ஒரு நாள் தானாகவே பற்றிக்கொள்ளும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டியதில்லை. அறுப்புக் காலம் வந்தால் மாமா பண்ணை பண்ணையாகப் போய் இதைச் சொல்லிக்கொடுப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பக்கத்து மேட்டுப் பண்ணைக்காரரின் கொட்டகை இப்படித்தான் எரிந்தது. மாமா ஆட்களோடு போய் அணைத்தார். அணைத்ததோடு விட்டாரா? புகை அடங்குவதற்குள், ஊரே நிற்க, அந்த மனுஷனைப் பார்த்து, "இத்தன வருஷமா புல்லு அறுக்கற. ஈரம் எது காய்ஞ்சது எதுன்னு தெரியலன்னா நீ கோழி வளக்கப் போ" என்றார். எரிந்த கொட்டகைக்கு முன்னால் ஊர் சிரித்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'கோழி'. அந்த மனுஷன் அடுத்த மாதமே தீயணைப்புக் குழுவில் வந்து சேர்ந்து, கூட்டம் நடந்தால் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இதை எனக்குச் சொன்னது மாமாதான், சாப்பாட்டு மேசையில், பெருமையாக. அத்தை எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

இனி நான் வந்து சேர்ந்த நாளுக்கு வருகிறேன். அன்று புல் அறுத்து வயலில் கிடந்தது. இன்னும் ஒரு வெயில் காய வேண்டும். ஆனால் என்னைக் கூட்டிவர இரண்டு பேரும் ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். ரயில் தாமதம். பாதி நாள் பிளாட்பாரத்தில் போயிற்று. நாங்கள் பண்ணைக்குத் திரும்பியபோது மேற்கே வானம் கறுத்து, தூறல் தொடங்கியிருந்தது. நான் பெட்டியோடு முற்றத்தில் நிற்க, அவர்கள் இரண்டு பேரும் வயலுக்கு ஓடினார்கள். கட்டுக் கட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் அத்தை கத்தியது கேட்டது.

"ஓடைப் பக்கம் இருக்கறத விட்டுடலாங்க! அது நனைஞ்சிருச்சு! போனா போகட்டும்!"

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

ஓடைப் பக்கத்துக் கட்டுகளும் கொட்டகைக்குள் போயின. அவை போரின் நடுவில் போய் உட்கார்ந்தன. அவற்றின் மேல் காய்ந்த கட்டுகள் கூரை வரை ஏறின. நான் ஈரக் காலோடு நின்று, என்ன சுறுசுறுப்பான குடும்பம் என்று வியந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கட்டடம் ஒரே நீளம். ஒரு முனையில் வீடு. வீட்டின் கடைசி அறை எனக்கு, அது பெண்கள் இருந்த அறை. அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் புல்போர். அதற்கும் அப்பால் மாடுகள் கட்டும் இடம். எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. குளிர்காலத்தில் வெளியே இறங்காமல் உள்ளேயே நடந்து போய்ப் பால் கறக்கலாம் என்று மாமா காட்டினார். நல்ல ஏற்பாடுதான்.

கொஞ்ச நாளில் வீட்டுக்குள் ஒரு வாசனை வந்தது. சர்க்கரைப் பாகு காய்ச்சுகிற மாதிரி, அதோடு லேசாகப் புகையிலை கலந்த மாதிரி. எனக்குப் பிடித்திருந்தது. "வீடே மணக்குது அத்தை" என்றேன். அத்தை தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவள் ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துப் போய், போரின் பக்கவாட்டில் தன் உடம்பு பலம் முழுக்கக் கொடுத்துச் செருகினாள். கறந்து முடித்து வந்து உருவினாள். உருவிய கம்பியின் முனையை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணை மூடி. பிறகு சாக்கில் துடைத்து மூலையில் சாத்தினாள்.

"என்ன அத்தை அது?"

"புல்லு வேர்க்குதான்னு பாக்கறேன். புதுப் புல்லுன்னா வேர்க்கும். அப்புறம் ஆறிடும்."

ஆறியிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அடுத்தடுத்த நாட்களில் அவள் கம்பியைப் பிடித்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் தொட்டதும் விட்டுவிட்டாள். கம்பி தரையில் விழுந்து எழுப்பிய சத்தத்தில் மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அதன் பிறகு கந்தைத் துணி சுற்றித்தான் உருவினாள். கூரைத் தகரத்தின் உட்பக்கம், போருக்கு நேர் மேலே மட்டும், காலையில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. கீழே வேகிறதற்கு மேலே ஆவி. கொட்டகைப் பூனை சில நாள் போரின் உச்சியில் போய்ச் சுகமாகத் தூங்கியது. பிறகு ஒரு நாள் இறங்கி வந்து, வாசல் படியில், குளிரில், சுருண்டு படுத்தது. எவ்வளவு விரட்டியும் உள்ளே போக மறுத்துவிட்டது.

மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஊருக்கே பாடம் எடுத்தவர். அவர் சூடு தணியட்டும் என்று கல் உப்பை வாரி வாரிப் போரின் மேல் தூவினார். கேட்டால் மாட்டுக்கு ருசியாக இருக்கும் என்றார். சாப்பிடும்போது ஏதோ நினைப்பில் கரண்டியை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சுவார். நாங்கள் பார்ப்பது தெரிந்தால் ஜலதோஷம் என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தினம் சாப்பிட்டேன்.

பால் லாரி டிரைவர் ஒரு நாள் குழாயை மாட்டிக்கொண்டே மூக்கைத் தூக்கினார்.

"என்னம்மா, ஏதோ கருகற வாசன வருது?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள்.

"சர்க்கரைப் பாகு வெச்சேன். அடிப்பிடிச்சிருச்சு," என்றாள்.

"எனக்கும் கொஞ்சம் வெச்சிருக்கக் கூடாதா?" என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். லாரி திரும்பும் வரை மாமா வாசலில் நின்று கை காட்டினார். அத்தை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அன்றுதான் பயம் வந்தது. அதுவரை நான் ஏதோ விவசாய வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரையாவது கூப்பிடுங்க அத்தை. அவங்க குழுதானே, வந்து பிரிச்சுப் போட மாட்டாங்களா?"

"அப்படித்தான் பிரிக்கணும். தண்ணியோட ஆளுங்க பக்கத்துல நிக்கணும். நாமளா பிரிச்சா காத்து உள்ள போயி குப்புனு பத்திக்கும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கூப்பிட்டா யாரெல்லாம் வருவாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். ரொட்டிக் கடைக்காரர் வருவார், மெக்கானிக் வருவார். கடைசி நாற்காலியில் இருந்து எழுந்து கோழியும் வருவார்.

"நான் வேணா கூப்பிடட்டுமா?"

"நீ விருந்தாளி. நீ கூப்பிட்டா எங்க ரெண்டு பேரு மானமும் போகும்," என்றாள் அத்தை. "இப்ப ஆபத்துல இருக்கறது அவரு மானம் மட்டும்தான்."

என் அறையில் துவைத்த துணியைச் சுவரோரம் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். வெளியே மழை, உள்ளே என் சட்டை மொறுமொறுப்பாகக் காய்ந்திருக்கும். இதை ஒரு சௌகரியமாக எண்ணி அத்தையிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு நேரே என் அறைக்குப் போனாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். மேலே வைத்தாள். பிறகு என் படுக்கையைச் சுருட்டத் தொடங்கினாள்.

"மாடியில வெளிச்சம் நல்லா இருக்கும், படிக்கறதுக்கு," என்றாள்.

என்னை மாடிக்கு அனுப்பிவிட்டு அந்த அறையில் அவளே படுத்துக்கொண்டாள். சுவருக்குக் காவல். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மூன்றாவது ஆள் இருந்தும் மரியாதை நிற்கவில்லை.

"சுவரு சுடுதுங்க. பொண்ணு தூங்கற அறை. இன்னிக்கே கூப்பிடலாம்."

"ஆறிடும். இன்னும் ரெண்டு நாள்."

"நீங்களே ஊருக்குச் சொன்னதுதானே? சுவரு சுட்டா யோசிக்காம கூப்பிடுன்னு?"

மாமா தட்டைத் தள்ளினார். "இந்தப் பொண்ணக் கூப்பிடப் போன அன்னிக்குத்தான் இது ஆச்சு. நான் வயல்ல இருந்திருந்தா ஒரு துளி ஈரம் உள்ள போயிருக்குமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மழையையும் நானா மாமா பெட்டியில வெச்சுக் கொண்டுவந்தேன்? விட்டுடலாம்னு அத்தை கத்தினது எனக்கே கேட்டுச்சே" என்றேன். அந்த மொழியில் நான் தப்பில்லாமல் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான். மாமா என்னைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். இடுப்பில் பேஜர் தொங்கியது. வேறு யாருக்கோ தீப்பிடித்தால் ஓடுவதற்கு.

மறுநாள் விடிந்து, கறவையும் முடிந்திருந்தது. நான் மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மாமாவின் தேநீர் தொடாமல் இருந்தது. வயலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். அத்தை அந்த அறைக்குள் போய்விட்டு வந்தாள். வாசலில் நின்றாள்.

"கை வைக்க முடியல," என்றாள்.

சுவரில் மாட்டியிருந்த தொலைபேசிக்குப் போனாள். போவதற்கு முன் ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். எண்ணை அழுத்தும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் எடுத்ததும் நிதானமாகச் சொன்னாள். "புல்போரு உள்ளுக்குள்ள எரியுது. வீட்ட ஒட்டின கொட்டகை. எங்க பண்ணைதான்." பண்ணையின் பெயரை அந்தப் பக்கம் நம்பாமல் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். "ஆமா. தலைவர் வீடுதான்."

வைத்துவிட்டாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கேனைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். "இப்ப அவரு பேஜரு அடிக்கும். எங்க இருந்தாலும் ஓடி வருவாரு. வந்து என்னைத் திட்டட்டும்," என்றாள்.

பேஜர் அடித்தது. வயல் பக்கமிருந்து வரவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. தலையணைக்கு அடியில் வைத்த கடிகாரம் மாதிரி அமுங்கி, விடாமல்.

எனக்குப் புரிவதற்கு ஒரு கணம் ஆனது. அத்தைக்கு அந்தக் கணம்கூட ஆகவில்லை. நாங்கள் கொட்டகைக்குள் ஓடியபோது பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே மண்ணில் கொஞ்சம் கட்டுகள் எறிந்து கிடந்து புகைந்தன. ஆள் வருவதற்குள், ஊர் அறிவதற்குள், தானே தனியாகப் பிரித்துப் போட்டுவிடலாம் என்று மேலே ஏறியிருக்கிறார். உள்ளே வெந்து வெந்து போர் கூடாகியிருந்தது. மேல் அடுக்கு மட்டும் பார்வைக்குக் கெட்டியாக நின்றது. உச்சியில் அவர் புல் அள்ளும் கவைக்கோல் குத்தி நின்றது, அவரைக் காணோம். பேஜர் சத்தம் மட்டும் புல்லுக்குள்ளிருந்து வந்தது.

"ஏங்க!"

இருமல் கேட்டது. பிறகு, "ஏறாத! உள்ள கூடு! ஏறாத!"

அத்தை என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "மாட்ட அவுத்து வெளிய விரட்டு. ஓடு!" என்றாள். நான் சங்கிலிகளைக் கழற்றினேன். கை வழுக்கியது. மாடுகள் போக மாட்டேன் என்று நின்றன, நான் அழுதுகொண்டே அடித்தேன், எந்த மொழியில் திட்டினேன் என்று எனக்கே தெரியாது. கடைசி மாட்டைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்தபோது, அத்தை கட்டுகளைப் பிரித்துத் தாழ்ந்திருந்த பக்கமாக ஏணியைப் போரின் மேல் சாய்த்துப் படுக்கப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கை ஓட்டைக்குள் தோள் வரை போயிருந்தது. அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். அடியில் அவர் மார்பு வரை புல்லில் புதைந்திருந்தார். ஓட்டையிலிருந்து வந்த புகை அவள் முகத்தைச் சுற்றிப் போனது.

"கண்ண மூடாதீங்க. மூடினீங்கன்னா கோழிகிட்ட சொல்லிக் குடுத்துடுவேன். கேக்குதா? என்னைத் திட்டுங்க. ஏதாவது திட்டுங்க."

முதலில் பதில் வந்தது. பிறகு முனகல். பிறகு பேஜர் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. அவள் விடவில்லை. இறங்கி வாங்க அத்தை என்று நான் கத்தியது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நானும் ஏறினால் மூன்று பேரும் உள்ளே போவோம். அந்த ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் செய்யக் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் அத்தனை கையாலாகாமல் நான் எங்கும் நின்றதில்லை.

முதலில் வந்தவர் கோழி. பக்கத்துப் பண்ணை அல்லவா. பின்னாலேயே வண்டியும் மற்றவர்களும். குழாயைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் அத்தனை பேரும் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். உத்தரவு போட்டே பழக்கப்பட்ட ஆள் ஓட்டைக்குள் இருக்கிறார், இவர்களுக்குக் கேட்டே பழக்கம். கோழி ஒருவர்தான் நிற்கவில்லை. பலகைகளை இழுத்துப் போட்டார், முகமூடியை மாட்டினார், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் ஊர்ந்து போனார்.

"விடும்மா. நான் புடிச்சிட்டேன்."

"நல்லாப் புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன். விடு."

மாமாவை உருவி எடுத்த அந்த நிமிஷமே, அவர் இருந்த ஓட்டை வழியாக நெருப்பு கூரைக்கு எழுந்தது. அதுவரை ஒளிந்திருந்தது அதற்குப் பிறகு எதற்கும் கூச்சப்படவில்லை. போர் போயிற்று, மாட்டுக் கொட்டகை போயிற்று, நான் இருந்த அறை போயிற்று. வீட்டின் மீதிப் பகுதியை மட்டும் தண்ணீர் அடித்து அடித்து நிறுத்தினார்கள்.

மாமாவை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். கால் இரண்டும் வெந்திருந்தது. ஆக்ஸிஜன் முகமூடி வைத்த பிறகு கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். ரொட்டிக் கடைக்காரர், மெக்கானிக், பால் லாரி டிரைவர், வேலி ஓரம் ஊரே நின்றது. கோழி கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முகமூடிக்குள்ளிருந்து மாமா ஏதோ சொன்னார். அத்தை முட்டி போட்டுக் குனிந்தாள். அவர் முகமூடியை விலக்கினார்.

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான்," என்றாள் அத்தை.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல." இருமினார். "எல்லாரும் நிக்கறாங்க பாரு. என் மானத்த வாங்கிட்டியே."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவருக்கு மீசையே பாதி கருகியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அடிபட்ட மனுஷன் என்றுகூடப் பார்க்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. பாலை முகர்ந்து பார்க்கிறவள் பார்ப்பது போல அவரை அமைதியாகப் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள். அந்தக் கை முழங்கை வரை கொப்புளம் போட்டிருந்தது.

ஆம்புலன்ஸ்காரர், கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டார்.

"இவ வருவா," என்று என்னைக் காட்டினாள் அத்தை. "மாடெல்லாம் ரோட்டுல நிக்குது."

ரோட்டைப் பார்க்க நடந்துவிட்டாள். வழியெல்லாம் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவ எங்க, அவ ஏன் வரல என்று கேட்டுக்கொண்டே வந்தார். நீங்கள் கேட்ட கேள்விதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மாடு பார்க்கப் போயிருக்காங்க என்றேன். அவர் அழுதார். புகையாலா, வேறு எதனாலா, அவருக்குத்தான் வெளிச்சம்.

கல்லூரி என்னை நகரத்துக்கு மாற்றிவிட்டது. இரண்டு வாரம் கழித்து, அத்தையைப் பார்க்காமல் இருக்க முடியாமல், பஸ் பிடித்துப் போனேன். பண்ணையில் ஆளில்லை. வழியில் விசாரித்தேன், மேட்டுப் பண்ணையில் தேடச் சொன்னார்கள். கோழியின் கொட்டகையில் ஒரு பக்கம் அவர் மாடுகள், ஒரு பக்கம் அத்தையின் மாடுகள். அத்தை ஒரு கையில் கட்டோடு, இன்னொரு கையால் கறவை இயந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இளைச்சுட்டே என்றாள். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமாவப் பாத்தீங்களா அத்தை?"

"நேத்துதான் போனேன். கால் ஆறிட்டு வருது. அடுத்த மாசம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"என்ன சொன்னாரு?"

அத்தை மாட்டின் மடியைத் துடைத்தாள். "ஊருல அவரப் பத்தி என்ன பேசிக்கறாங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க செத்திருந்தா நல்லவிதமா பேசியிருப்பாங்கன்னு சொன்னேன்," என்றாள். பிறகு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனாள்.